மூன்றாம் மாடிக்கு வந்த சோபா

மார்ச் 4

ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன் காலையிலேயே என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். "பதறாதீங்க சார், மூச்சை மெதுவா விடுங்க, ஆள் கிளம்பியாச்சு" என்றேன். லிஃப்ட் கம்பெனியின் அவசர போன் எடுப்பது என் வேலை. மாட்டிக்கொண்டவர் வெளியே கால் வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது, அது இங்கே எழுதாத சட்டம் இல்லை, எழுதி ஒட்டியே வைத்திருக்கிற சட்டம். அவன் வெளியே வந்ததும் நன்றி என்ற ஒரு வார்த்தை கூட இல்லாமல் வைத்துவிட்டான். நாசமாய்ப் போகட்டும்.

மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில். பொறியியலில் நான் விட்ட இடத்திலிருந்து தொடரலாமாம், மாலை வகுப்பில், பகுதி நேரமாக. விட்ட இடம் என்பது இரண்டாம் வருஷக் கடைசி. அப்போது பொடிசு வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிறது.

கட்டணம் எவ்வளவு என்று பார்த்தேன். மெயிலை மூடினேன்.

சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி திறந்தேன். இந்த டைரியையும் அப்போதுதான் எடுத்தேன். வீட்டில் பேசினால் சண்டை வரும். இதில் பேசலாம்.

மார்ச் 7

பேசினேன். சண்டை வந்தது.

இவர் வழக்கம்போல "நீயும் அக்காவும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார். ஏன், நான் கட்டிக்கொண்டது அக்காவையா? பேக்கரி வேன் ஓட்டுகிற மனுஷனுக்கு எந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பணும் என்று நன்றாகவே தெரியும். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அக்கா கை காட்டணும்.

அக்கா, அதாவது என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், இவருக்கு மூத்தவள். எங்களோடுதான் இருக்கிறாள். பொடிசைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவள்தான். சோபா பட்டறையில் உறை தைக்கிறாள். இவருக்கு வேலை இல்லாமல் இருந்த நாட்களில் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம், அதை நான் மறந்தாலும் அவள் மறக்க விடமாட்டாள். நூலைப் பல்லால் கடித்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பவே முடிக்காதவ, இப்ப முடிச்சுடுவாளாக்கும்."

"அப்ப ஏன் முடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"புள்ளை எல்லாருக்கும்தான் பொறக்குது."

உங்களுக்குப் பிறக்கவில்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லாததற்கு யாரும் எனக்கு மாலை போடப்போவதில்லை.

மார்ச் 12

மேனேஜர்: படிப்புக்குக் கம்பெனி உதவும், ஆனால் பொறியாளர் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும். பொறியாளர் ஆகத்தானே சார் படிக்கப் போகிறேன் என்றேன். "ஆனதுக்கப்புறம் வாங்க, பார்க்கலாம்" என்றார். கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைக்கிறார் அந்த மனுஷன்.

மார்ச் 19

பல்கலைக்கழக உதவித்தொகை கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், நகங்களுக்குப் பத்து நிறம்.

"முழுநேர மாணவர்களுக்கு மட்டும்தான் மேடம்."

"முழுநேரம் படிச்சா வேலைக்கு எப்படிப் போறது?"

"அது உங்க விருப்பம்தானே."

வங்கியில் கடன் கேட்டால் ஈடாக எதையாவது காட்டச் சொல்கிறான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு ஒரு நிதி இருக்கிறதாம், எனக்கோ வீட்டில் ஒரு புருஷன் உட்கார்ந்திருக்கிறார். பகுதி நேரம் படித்தால் பாதி மனுஷியா? பாதி மனுஷிக்கு ஏன் முழுக் கட்டணம்?

கவுண்டரை விட்டுத் திரும்பும்போது நகப்பெண்ணே கூப்பிட்டாள். "பிள்ளை வெச்சுக்கிட்டு திரும்ப வந்து படிக்கிறவங்களுக்கு ஒரு அறக்கட்டளை குடுக்குது. பகுதி நேரமும் ஓகே. ஆனா வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பாங்க, நிஜமாவே கஷ்டமான்னு."

வரட்டும். எங்கள் கஷ்டத்தைப் பார்க்க பூதக்கண்ணாடி தேவையில்லை. ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும்.

ஏப்ரல் 3

விண்ணப்பித்தாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை நாலு மணிக்கு ஆள் வருகிறார். ஜூன் ஒன்றுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும், அப்புறம் இன்னொரு முறை சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதுதான் கடைசிக் கதவு.

வீட்டில் சொன்னேன். அண்ணி தையலை நிறுத்திவிட்டு, "வீட்டுக்குள்ளயே வருவாங்களா?" என்றாள்.

"ஆமா."

"யாரோ ஒரு ஆபீசரு."

"ஆமா அண்ணி."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் வாய் பேசினால் பயமில்லை.

ஏப்ரல் 12, சனி

இதை எழுதியே ஆகணும்.

மூன்று மணிக்குக் கிளம்ப ஷிஃப்ட் மாற்றி வைத்திருந்தேன். கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு அம்மா மாட்டிக்கொண்டாள், கூட நாய். நாய் குரைக்கிறது, அம்மா அழுகிறாள். மூச்சை மெதுவா விடுங்கம்மா, மூச்சை மெதுவா விடுங்க — என் மூச்சு போய்க்கொண்டிருக்கிறது. அவள் வெளியே வரும்போது நாலு தாண்டிவிட்டது.

ஓடினேன். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, அந்தக் கூத்தை நினைத்துச் சிரிக்கக்கூட நேரமில்லை. மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தால், ஹாலில் ஒரு சோபா.

பச்சை வெல்வெட். மூன்று பேர் உட்காரலாம். சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தரையில் கம்பளம், ஜன்னலில் திரை, மூலையில் ஒரு நிற்கிற விளக்கு. வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டேனா என்று ஒரு நொடி நிஜமாகவே வெளியே பார்த்தேன். நாற்காலிகளைக் காணோம். பொடிசு புது கவுனில் சோபா ஓரத்தில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள், அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் வந்தவர், கையில் நல்ல கோப்பையில் காபி. மாடி ஏறிய இரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்களுக்கு ஒண்ணும் குறைச்சலில்லைங்க. தம்பி நல்லா சம்பாதிக்கிறான். நானும் கை நிறைய சம்பாதிக்கிறேன். படிக்கணும்னு இவளுக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான்."

இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார்! அந்த சோபா இவருடைய பேக்கரி வேனில் வந்திருக்கிறது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

இதெல்லாம் எங்களுடையது இல்லை சார் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். தையல் குத்திக் குத்திக் கறுத்த விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டிருந்தாள். நான் "வணக்கம் சார், லேட்டாயிடுச்சு" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஏன்?

ஏப்ரல் 13

கத்தித் தீர்த்தேன். தொண்டை கட்டிவிட்டது.

அவளுக்குப் புரியவே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெடுக்க நினைத்துச் செய்திருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். "இந்த வீட்டை வாடகைக்குக் கேக்கப் போனப்ப என்ன பண்ணோம்? நல்ல துணி போட்டு, கடன் வாங்கின வாட்சைக் கட்டிக்கிட்டுப் போனோம். அதனாலதான் குடுத்தான். நமக்கு முன்னாடி போனவன் செருப்பு பிஞ்சிருந்துச்சுன்னு ஓனர் கதவையே தொறக்கலை. இல்லாதவங்களுக்கு எவன் எதைக் குடுத்தான்?"

"இது வாடகை இல்ல அண்ணி. இது இல்லாதவங்களுக்குத்தான்!"

"அப்பிடின்னு அவனுங்க சொல்லுவானுங்க."

பட்டறைக்குக் கூடச் சொந்தமில்லை அந்த சோபா. யாரோ வாடிக்கையாளருடையது. உறை மாற்றி முடித்து, திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டியது. சனிக்கிழமை பட்டறை அரை நாள். முதலாளி போனதும் இவரும் அவளும் வேலையாள் ஒருவனும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், மூன்று மாடி. இன்று திரும்ப இறக்கினார்கள். மாடி வளைவில் இடித்து நின்றபோது, "நீயும் ஒரு கை பிடி" என்றாள் என்னிடம்.

பிடித்தேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

ஏப்ரல் 29

"குடும்பத்தின் வசதியைக் கருத்தில் கொண்டு..." அதற்கு மேல் படிக்கவில்லை.

ஏப்ரல் 30

மேலே படித்தேன். நேரில் வந்து முறையிடலாமாம். மே எட்டு.

அண்ணியிடம் சொல்லவில்லை. இவரிடம் சொன்னேன். "அக்கா மனசு கஷ்டப்படும், பார்த்து" என்றார். என் மனசு என்ன ரப்பரா?

மே 5

சாப்பாடு போடும்போது தட்டை வைக்கிற சத்தத்திலேயே இந்த வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்று தெரிந்துவிடும். பொடிசு கேட்கிறாள்: "அத்தையும் நீயும் டூவா?" ஆமாம், டூ.

மே 8

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் அந்த இரைப்புக்காரர். நடுவில் இருந்த அம்மா கொஞ்சம் கனிவாகத்தான் கேட்டாள். சோபா இரவல் என்றேன். விளக்கு, கம்பளம், எல்லாமே இரவல் என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. நாங்க நேர்ல பார்த்ததை நம்பறதா, நீங்க சொல்றதை நம்பறதா? யாரோடதுன்னு காட்ட முடியுமா?"

வேறு வழி இருந்திருக்குமோ? பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்திருக்கலாம். இன்னொரு முறை வந்து பாருங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். நாலு நாள் கேட்டிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அங்கே என் காதில் ஓடிக்கொண்டிருந்தது "எங்களுக்கு ஒண்ணும் குறைச்சலில்லைங்க" மட்டும்தான்.

பட்டறையின் பெயரைச் சொன்னேன். போன் நம்பரும் சொன்னேன். அது என் போனில்தான் இருந்தது, அண்ணிக்கு அவசரம் என்றால் கூப்பிடுவதற்காக வைத்திருந்தது.

அந்த அம்மா அங்கேயே கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பச்சை சோபா, பன்னிரண்டாம் தேதி என்று விவரம் சொன்னாள். அந்தப் பக்கம் முதலாளி விவரத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்க பட்டறையிலிருந்தா? யாரு எடுத்துட்டுப் போனது?"

மேஜைக்குப் பின்னால் மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. சொல்லும் முன்பே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இந்த டைரியில் கூட எழுத மாட்டேன்.

சொன்னேன்.

மே 9

நிதி கிடைத்துவிட்டது. படிப்பு முடியும்வரை. வருஷம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணி சீக்கிரமே வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. கத்திரிக்கோல், அளவு நாடா, விரல் கவசம், இரண்டு பெரிய வளைந்த ஊசிகள். எல்லாவற்றையும் சமையல் மேடையில் வரிசையாக வைத்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

"கத்திரிக்கோலு என்னோடதுதான். அதனால குடுத்தான்" என்றாள்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தினால் நானும் கத்தலாம். எத்தனையோ தயாராக வைத்திருந்தேன். யார் கூப்பிட்டாங்க உங்களை, யார் சோபா கேட்டா, யார் ஆபீசர்கிட்ட பெருமை அடிக்கச் சொன்னா? அவள் கை கால் கழுவிக்கொண்டு, பொடிசுக்குத் தலை வாரிவிடப் போனாள்.

மே 10

இவர் என்னோடு பேசவில்லை. ஆச்சரியம், இந்த மனுஷனுக்குக் கோபம் வருமா! வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர் யார்? அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மே 21

அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பட்டறையும் அவளை எடுக்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தியைக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேறு வரிசைக்குப் போய் நின்றாள். வாடிக்கையாளர் சாமானைத் தூக்கிக்கொண்டு போனவள் என்று பேர் ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அண்ணி மேல், இவர் மேல், அந்த முதலாளி மேல். நாங்கள் இல்லாதவர்கள் என்று காட்ட எங்களில் ஒருத்தியைத் திருடி ஆக்க வேண்டியிருந்தது, அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் அதற்குப் பிறகு டீ குடித்திருப்பார்கள். என் மேலும்தான். ஆனால் திரும்பப் போய் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன்.

ஜூன் 1

கட்டியாகிவிட்டது.

ஜூலை 2

முதல் வகுப்பு. பக்கத்து பெஞ்சில் மீசை அரும்பாத பையன்கள். ஒருவன் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான். உட்காருடா என்றேன்.

கிளம்பும் முன் அண்ணியிடம், "சாயங்காலம் பொடிசை யார்கிட்டயாவது விட்டுட்டுப் போகவா?" என்று கேட்டேன். போனில் பேசுகிற அந்தக் குரலில் கேட்டுவிட்டேன் போல. எரிந்து விழுந்தாள்.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசாதே. நான் எங்கயும் மாட்டிக்கலை. புள்ளையை நான் பாத்துக்குவேன். புள்ளைக்காக. உனக்காகன்னு நெனைச்சுக்காதே."

இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

செப்டம்பர் 16

தலையணை உறை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். சோபா உறை தைத்த கைக்கு அது விளையாட்டு. கிடைக்கிறதும் விளையாட்டுக் காசுதான். என் புத்தகத்தை மேஜையில் விரித்தால், ஒன்றும் சொல்லாமல் துணியை எல்லாம் சுருட்டிக்கொண்டு தரைக்குப் போய்விடுகிறாள். இருங்க அண்ணி என்றால் காதில் விழாது. இதுதான் தாங்க முடியவில்லை. திட்டித் தொலைக்கலாமே!

டிசம்பர் 20

பரீட்சையில் தேறிவிட்டேன். சொன்னேன். "ம்" என்றாள்.

பிறகு பொடிசிடம் சொல்கிறாள்: "உங்கம்மா பாஸாம். போயி கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

மார்ச் 30

வருஷப் பார்வைக்கு ஆள் வரப்போகிறார் என்று செய்தி. ஏப்ரல் பதினொன்று, சனி. மறுபடியும் சனி.

சொல்லாமல் இருக்க முடியாது, அண்ணி நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பழி வாங்க இதைவிட நல்ல நாள் அவளுக்குக் கிடைக்காது. இவ சம்பளம் கூடிடுச்சு, தம்பிக்கு வேன் சொந்தமாயிடுச்சு என்று ஏதாவது இரண்டு வார்த்தை போதும். அவள் இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 11

இந்தத் தடவை முழு நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அதே இரைப்புக்காரர்தான் வந்தார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "அந்த சோபா எங்கே?"

என்ன ஒரு தமாஷ்! அந்த ஆளை மூன்று மாடியும் உருட்டிவிட்டிருப்பேன்.

அண்ணி கால் ஆடாத நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டாள். பழைய வீட்டுத் துணியில்தான் இருந்தாள், தலைகூட வாரவில்லை. வேண்டுமென்றே வாராமல் இருந்தாள் என்று பிறகுதான் உறைத்தது.

"அது எங்களோடது இல்லைங்க. இரவல். கேக்காம எடுத்துட்டு வந்தேன். அதுக்கு எனக்கு வேலை போயிடுச்சு."

அவர் நெளிந்தார். பரவாயில்லம்மா, நான் எழுதிக்கறேன் என்றார். அவள் விடவில்லை.

"இல்ல, பாத்துட்டுப் போங்க. போன தடவை நீங்க சரியா பாக்கலை." சமையலறைக்குக் கூட்டிப் போனாள். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பாதி டப்பா காலி. அவர் போதும் போதும் என்கிறார். இவள் அடுத்ததைத் திறக்கிறாள். கடைசியில் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள், அன்றைக்கு மடக்கி மறைத்த அந்தக் கறுத்த விரல்களை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. இவ படிப்பு ஒண்ணுதான் இருக்கு. அதை நிறுத்திடாதீங்க."

நான் கதவோரம் நின்றேன். ஒரு வருஷத்துக்கு முன் நின்ற அதே இடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். காபி கொடுக்கவா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். கண்ணில் கொதிப்பு கொஞ்சமும் அடங்கவில்லை.

"போதுமா? இல்ல, இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறேன், அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், எல்லாருக்கும் சொல்ல ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அவளுக்கு இரண்டே வார்த்தைதான் இருந்தது.

"போதும் அண்ணி."

அவள் டப்பாக்களை மூட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் நின்று மூடினேன். எல்லாம் முடிந்ததும், நான் போட்ட மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எதற்கு உரியதோ அதில் மாற்றிப் போட்டாள். திட்டவில்லை. மணியைப் பார்த்து, "கிளாசுக்கு நேரமாகலை?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகிவிட்டிருந்தது. கிளம்பினேன்.